ஐஸ் வைக்கக் கூடாத பெட்டி

எங்கள் சோதனைக்கூடத்தில் முயலைப் பிடிக்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான், ஜெயவேல். மாத்தூரில் இருக்கிற இந்தக் கட்டடத்துக்கு அவர் வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. நான் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து பதினாறு வருஷம். மணலிப் பக்கத்துக் கம்பெனிகள் பெயின்ட், பூச்சிமருந்து, தரை கழுவுகிற திரவம் என்று எதையாவது அனுப்பி, இது கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் முயலின் கண்ணிலிருந்துதான் வர வேண்டும்.

வந்த சரக்கை, நாங்கள் மருந்து என்போம், ஒரு கண்ணில் விடுவார்கள். இன்னொரு கண் ஒப்பிட்டுப் பார்க்க, சும்மா இருக்கும். ஜெயவேல் முயலை இடக்கையில் அணைத்துக்கொண்டு, அந்தச் சும்மா இருக்கிற கண்ணை வலது உள்ளங்கையால் மூடிக்கொள்வார். அப்படி மூடினால் முயல் அடங்கும் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். என்னிடம் மட்டும் ஒருநாள் வேறு காரணம் சொன்னார். மூடாவிட்டால் அது நம்மைப் பார்க்குமாம்.

வியாசர்பாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் அவர் வீடு. மாலையில் போனதும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றுத் தட்டைத் தொட மாட்டார் என்று அவர் மனைவி ரமாபாய் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. ஒரு மனுஷன் இருபத்தாறு வருஷம் கை கழுவிக்கொண்டே இருப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நாலு வருஷத்துக்கு முன் மகிழினி என்ற விஞ்ஞானி வந்து சேர்ந்தார். கறிக்கடையில் எப்படியும் வீசப் போகிற கோழித் தலையிலிருந்து கண்ணை எடுத்து, அது காயாமல் வைத்துக்கொண்டு, அதன் மேல் மருந்தை விட்டுப் பார்த்தால் போதும், உயிரோடு இருக்கிற முயல் வேண்டாம் என்றார். வெளிநாட்டில் செய்கிறார்கள். இங்கே, நம் ஊர்க் கோழியை வைத்து, நம் ஊர் வெயிலில் அது சரியாக வரும் என்று காட்ட வேண்டும். அதற்குக் கருவி வேண்டும், ஆள் வேண்டும். நிதி கேட்டு அரசாங்கத்துக்கு மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் பாராட்டத்தக்க முயற்சி என்று பதில் வந்தது. பாராட்டை வைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப் வாங்க முடியுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகிழினி நாலாவது தடவை எழுதினார்.

இந்தத் தடவை அங்கிருந்து மூன்று பேர் குழுவாக நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். நிதி வந்தால் முயல் அறையை மூடிவிடலாம். ஜெயவேலுக்கு வரும் மார்ச்சில் ஓய்வு. அதற்குள் அந்த அறையைப் பூட்டி, சாவியைத் தன் கையாலேயே ஒப்படைக்க வேண்டும். அவர் வாய்விட்டு ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

இருக்கிற கருவிகளை வைத்து மகிழினி செய்துவந்த சோதனைகளுக்குக் கோழித் தலைகளை ஜெயவேல்தான் கொண்டுவருவார். தண்டையார்பேட்டையில் ரஷீது பாயும் அவர் மனைவி ஜெரினாவும் நடத்துகிற கறிக்கடையில், ஈரத்துணி விரித்த பெட்டியில் ரஷீது பாய் வைத்துக் கொடுப்பதை வாங்கி, வண்டியில் கட்டி எடுத்து வருவார். வெட்டி இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். வெந்நீர் படக் கூடாது, ஐஸ் கூடவே கூடாது. ஐஸ் பட்டால் கண் கெட்டுவிடும். முதல் மாதம் ரஷீது பாய், இவர் வீட்டில் ஏழெட்டு நாய் வளர்க்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

குழு வரும் நாள் நல்ல மே மாத வெயில். முந்தின நாளே ஜெயவேல் கடைக்குப் போய், பெரிய மனுஷங்க வராங்க, நல்லா பாத்துக் குடுங்க என்று சொல்லியிருந்தார். அன்று பார்த்து ரஷீது பாய் கோழி லோடு எடுக்கப் போய்விட்டார். ஜெரினா பெட்டியைக் கட்டியே தயாராக வைத்திருந்தாள். தினமும் திறந்து பார்க்கிற ஜெயவேல் அன்றைக்கு அவசரத்தில் பார்க்கவில்லை.

மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. அவற்றுக்கு நடுவே நிற்கும்போது காலில் சில்லென்று தண்ணீர் சொட்டியது. பெட்டியைத் திறந்தார். ஈரத்துணிக்கு மேலும் கீழும் உடைத்த ஐஸ். மீன் இறங்குகிற ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு பொருளை மரியாதையாக அனுப்ப வேண்டுமென்றால் வேறென்ன செய்வார்கள்? திரும்பிப் போய் வேறு வாங்கி வர நேரமில்லை. ஐஸை ரோட்டோரம் கொட்டினார். துணியை உதறி, தலைகளைத் திரும்ப வைத்து மூடினார்.

இதற்கப்புறம் அவர் பேசாமல் இருந்திருக்கலாம். கண்கள் மேலுக்கு நன்றாகத்தான் இருந்தன. ஒன்றிரண்டு தேறியும் இருக்கும். தேறாதவற்றுக்கு யாரும் பெட்டியைக் குறை சொல்ல மாட்டார்கள், முறையே சரியில்லை என்றுதான் எழுதிவிட்டுப் போவார்கள். இதெல்லாம் மாத்தூர் வரைக்கும் அவர் மனதில் ஓடியிருக்கிறது. வந்தவர் நேராக மகிழினியிடம் போனார். குழுவும் அங்கேயே நின்றிருந்தது.

"மேடம், பொட்டில ஐஸ் இருந்துச்சு. பாதி வழிலதான் பாத்தேன். கெளம்பறப்பவே தொறந்து பாத்திருக்கணும், என் தப்பு. இந்தக் கண்ண வச்சி இன்னா வந்தாலும் அது பொய்யிதான்."

ஜெரினாவின் பெயரை எடுக்கவே இல்லை. மகிழினியின் முகம் வெளுத்துவிட்டது. குழுத் தலைவர் நரைத்த தலைக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒரு கை ஐஸில் கெட்டுப்போகிற முறையை நாங்கள் எப்படி நம்புவது என்று கேட்டார். மகிழினி நிதானமாகவே சொன்னார்: "தப்பு நடந்தது, உடனே தெரிந்துவிட்டது சார். முயலுக்கு ஏதாவது தப்பாகப் போனால் அது வந்து சொல்லாது."

அவர்கள் இதற்கு முன் செய்த சோதனைகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். மதிய விமானத்துக்குக் கிளம்பினார்கள்.

மறுநாள் ஜெயவேல் கடைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். ஜெரினாவுக்கு அழுகை வந்துவிட்டது. "பெரிய மனுஷங்கன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்கோ. வெயில்ல கெட்டுப்பூடக் கூடாதுன்னு மீன்கார அக்காகிட்ட கேட்டு வாங்கி வச்சேன்." அவளிடம் கோபப்பட ஒன்றுமில்லை. இனிமே வேணாம்மா என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கேட்ட நிதி முழுசாகக் கிடைத்திருந்தது. மாதிரிகளைக் கொண்டுவரும் பணியாளரின் நேர்மை குறிப்பிடத்தக்கது என்றுகூட ஒரு வரி எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரு நிபந்தனை. கொண்டுவருவதில் பிழை நேர வாய்ப்பு இருப்பதால், ஒரு வருஷத்துக்கு ஒவ்வொரு சோதனையையும் முயலிலும் செய்து ஒப்பிட வேண்டும்.

மகிழினி அதை உரக்கப் படித்தபோது நானும் இருந்தேன். ஒரு வருஷம்னா எப்ப முடியும் என்று ஜெயவேல் கேட்டார். அடுத்த ஜூலை என்றார் மகிழினி. ஜெயவேல் தலையை ஆட்டிவிட்டு முயல்களுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். பின்னாலேயே போனேன். கூண்டுக் கதவில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"நான் வாயை மூடிக்கினு இருந்திருந்தா இதுங்கள வுட்டிருப்பாங்களோ?"

இல்லை, மொத்தமும் போயிருக்கும் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் சொன்ன எனக்கே அதில் ஒரு ஆறுதலும் இல்லை.

கருவி வந்து சேர்ந்ததும், ஒரு திங்கட்கிழமை முதலாவது ஒப்பீடு நடந்தது. இந்தப் பக்க மேஜையில் புது மைக்ராஸ்கோப்புக்குக் கீழே கோழிக் கண்கள் தெளிவாக இருந்தன. பெட்டியை அவர் கடையிலேயே இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்தப் பக்கம் முயல். மகிழினி மருந்தை எடுத்தார். ஜெயவேல் முயலைத் தூக்கி இடக்கையில் அணைத்தார். சும்மா இருக்கிற கண்ணை மூட வலது கையைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மூடவில்லையா என்று மகிழினி கேட்டார்.

"பாக்கட்டும் மேடம்," என்றார் ஜெயவேல். "இது என்னால வந்தது."