தாய்மாமனுக்கு ஒரு நட்சத்திரம்

கல்யாணப் பத்திரிகைத் தொழிலில் மாப்பிள்ளை பெயர் தப்பாக அச்சானால்கூட மன்னிப்பு உண்டு. தாய்மாமன் ஒருவர் விட்டுப்போனால் மண்டபமே ரெண்டாகும். பாளையங்கோட்டை அச்சகம் ஒன்றில் அந்தப் பெயர்களை அடுக்க பைதானில் நிரல் எழுதிய பாலிடெக்னிக் பெண் நான். நிரல் எழுதி நொந்தவர்களே, உங்களை வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கிறேன். இப்போதே இல்லை. நான் பட்டதை முதலில் நீங்களும் கொஞ்சம் படுங்கள்.

நாலு நாற்காலி

என் 'பத்திரிகை' கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஒவ்வொரு பத்திரிகையும் பிறக்கும்போது பெயர்களை வாங்கிக்கொள்ளும் இடம், நாலு மாமன்களுக்குத்தான் தயாராக இருந்தது. நாங்குநேரிக் குடும்பம் ஐந்து பேரோடு வந்தது. நிரல் பிழை காட்டிப் படுத்துவிட்டது. "அஞ்சாவது ஆளைக் கையால எழுதிரலாமா?" என்றேன். பெண்ணின் அப்பா ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த அஞ்சாவது ஆள்தாம்மா சங்கிலி போடுதாரு."

ஒன்பது பேய்கள்

அச்சக அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்: "பத்து இடம் வை. அதுக்கு மேல எவனுக்கும் மச்சினன் கிடையாது." வைத்தேன். ஆள் இல்லாத இடத்தில் பைதான் 'நன்' (None), அதாவது 'யாருமில்லை', என்று வைத்துக்கொள்ளும். அதை மறைக்க மறந்தேன். ஒரே மாமன் உள்ள வீட்டுப் பத்திரிகையில் அவருக்குக் கீழே இங்கிலீஷில் ஒன்பது 'நன்'. பெண்ணின் அம்மா வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எங்கப்பாவுக்கு வேற குடும்பம் இருந்துச்சாட்டி?"

லாக்கப்

அண்ணாச்சிக்குத் தெரியாமல் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். அது இருந்தால் ஒருவர் வந்தாலும் ஒன்பது பேர் வந்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் பட்டியலை அனுப்பும் இடத்திலும் ஒரு நட்சத்திரம் போட்டுப் பிரித்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டேன். ஏழு மாமன்களும் ஒரே ஆளாகி, சதுர அடைப்புக்குறிக்குள் மொத்தமாக அச்சானார்கள். அண்ணாச்சி தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏட்டி, ஏழு பேரையும் லாக்கப்புல போட்டிருக்க. சாயங்காலத்துக்குள்ள பழைய பத்து இடத்தை வை. இல்லேன்னா நாளைக்கு வராத."

பதினோராவது மச்சினன்

விட்ட நட்சத்திரத்தைப் போட்டேன். எல்லாம் சரியாக ஓடியது. அண்ணாச்சி பார்க்கவே மாட்டேன் என்றார். வேலையும் போகும், நான் பெற்றெடுத்த நட்சத்திர வரியும் போகும். பேப்பர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தி, தோழியின் போனில் அவரை அழைத்தேன், மகள் பத்திரிகைக்கு ஆர்டர் கொடுத்திருந்த ஸ்ரீவைகுண்டம் வாழைக்காய் வியாபாரியின் கரகரத்த குரலில். "வே, மவ பத்திரிகைல ஒரு மச்சினனை விட்டுட்டேன்." அண்ணாச்சி எழுதிக்கொண்டார். "பாபநாசத்துல இன்னும் ரெண்டு பேரு இருக்காவ." நடுவே வியாபாரியின் இருமலையும் சேர்த்துக்கொண்டேன். எண்ணிக்கை பதினொன்றானதும் அண்ணாச்சி உடைந்தார்: "பத்துக்கு மேல இடமில்லையே வே... சரி, இந்தப் பிள்ளை நட்சத்திரம் நட்சத்திரம்னு சொல்லுதா, அதையே வச்சிக்கிடுதேன்."

அத்தோடு போனை வைத்திருக்கலாம். ஆசை யாரை விட்டது? "கொழும்புலயும் ஒருத்தன்..." என்று இழுத்தபடி கதவிடுக்கில் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார் அதே வியாபாரி. அண்ணாச்சி அவரைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார், பிறகு பேப்பர் அறைக் கதவைப் பார்த்தார்.

"கொழும்பு மச்சினன் அங்கனயே இருக்கட்டும், நீ பைய வெளிய வாட்டி."

நட்சத்திரம் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறது, நான்தான் இல்லை.