எவரிஸ்தோ ரப்பர் வைத்துக்கொண்டதில்லை

எங்கள் ஊர்ப் பக்கம் அடுத்தவனை எட்டிப் பார்த்துப் போட்டுக்கொடுக்கிறவனுக்குத் தவளை என்று பெயர். பதினோரு மீன்பிடிப் பருவம் ஒரே கப்பலில் இருந்த எவரிஸ்தோ நவெல்கினை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். ஒளிவு மறைவெல்லாம் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவரும் "ம்" என்று திரும்பிப் பார்ப்பார். கப்பல் சமையல்காரனான நான் மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்துத் தவளையாரே என்பேன். இருவரும் சிலோயே தீவுக்காரர்கள், அந்த ஒட்டுதல்தான்.

கப்பல் அண்டார்டிக் கடலில் கிரில் பிடிக்கிறது. கிரில் என்றால் கூனி இறாலுக்கு அண்ணன், சுண்டுவிரல் நீளம். திமிங்கிலமும் பென்குவினும் அதைத் தின்றுதான் பிழைக்கின்றன. நாங்கள் எங்கே எவ்வளவு அள்ளுகிறோம், கூடவே வேறு என்ன சாகிறது என்று பார்த்து எழுதத்தான் எவரிஸ்தோவைக் கப்பலில் ஏற்றியிருந்தார்கள். தினமும் இருநூறு கிரிலை எடுத்துக் கண்ணிலிருந்து வால் நுனிவரை ஒவ்வொன்றாக அளப்பார். பிறகு பின்தளத்தில் நின்று, வலையை இழுக்கிற கம்பியில் எத்தனை பறவை மோதுகிறது என்று எண்ணுவார். அந்தக் குளிரில் பேனா மக்கர் செய்யும் என்று எல்லாம் பென்சிலில் எழுதுவார். ஆனால் ரப்பர் வைத்துக்கொள்ள மாட்டார். தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் தன் கையெழுத்து.

"அழிச்சுட்டா சுத்தமா இருக்குமே தவளையாரே" என்று ஒருமுறை கேட்டேன்.

"சுத்தமாத்தான் இருக்கும் மாஸ்டர். முதல்ல என்ன எழுதினேன்னு யாருக்குத் தெரியும்?"

கப்பலில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட எவனும் வர மாட்டான். அதனால் என் சமையலறை மூலையில்தான் தட்டை வைத்துக்கொள்வார். எங்கள் ஊர் உருளைக்கிழங்கு அடையை அவருக்காகவே வாரம் ஒருநாள் சுடுவேன். வாயைத் திறந்து நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. "உப்பு சரியா?" என்றால் "சரி." அவ்வளவுதான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும், இருந்தாலும் அடுத்த வாரமும் சுடுவேன்.

அந்த ஏப்ரலில் குப்பை எரிக்கிற அடுப்பு கெட்டுப்போய் ஐந்து நாள். கோழி எலும்பைக் கடலில் போடக் கூடாது. கோழி நோய் அங்கிருக்கிற பறவைகளுக்கு ஒட்டிக்கொள்ளும், தீனி என்று கூட்டமாக வந்து கம்பியில் அடிபட்டுச் சாகும். எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மூட்டை நாறி, சாறு ஒழுகி, நான் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டது. கேப்டனிடம் சொன்னால் "நாளைக்கு, நாளைக்கு" என்கிறார். போதும்டா சாமி என்று ஆகிவிட்டது.

பின்தளத்தில் எவரிஸ்தோ நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல், குத்து குத்தென்று இருமல். கதவைத் திறந்து கூப்பிட்டேன்.

"தவளையாரே, உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. கோழி சூப்பு கொதிக்குது, வந்து ரெண்டு வாய் குடிச்சுட்டுப் போங்க."

"இன்னும் இருபது நிமிஷம் நிக்கணும் மாஸ்டர்."

"செத்துக் கித்துப் போனா உங்களை யாரு எண்ணுறது? வாங்க."

வந்தார். பதினோரு பருவத்தில் பாதியில் இடத்தைவிட்டு வந்தது அது ஒரு தடவைதான். அவர் கிண்ணத்தின் மேல் குனிந்ததும் நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் கவிழ்த்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் நடுங்கியதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை, அது உண்மை. அந்தக் கண்ணைப் பத்து நிமிஷம் அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது, அதுவும் உண்மை.

எங்கிருந்துதான் வந்தனவோ, பறவைகள் மொய்த்துவிட்டன. எவரிஸ்தோ வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனபோது இரண்டு ஆல்பட்ராஸ் இறக்கை முறிந்து கம்பியில் தொங்கின. தண்ணீரில் எலும்பு மிதந்தது. என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்க போட்டதா?"

"ஆமா."

கேப்டனும் வந்துவிட்டார். "எவரிஸ்தோ, நீங்கதான் அப்ப இங்க இல்லையே. பூச்சியம்னு போட்டுட்டு விடுங்க."

"நின்னு பார்த்து ஒண்ணும் இல்லேன்னாத்தான் கேப்டன் பூச்சியம். பார்க்கலேன்னா கட்டம் காலி. இந்த ரெண்டு பறவையையும் எலும்பையும் பார்த்துட்டேன்."

"என் வேலை போயிடும் தவளையாரே" என்றேன். "உங்களுக்குப் பதினோரு பருவம் சோறு போட்ட கை இது."

"தெரியும் மாஸ்டர்" என்றார். பென்சிலை எடுத்தார்.

புந்தா அரேனாஸ் துறைமுகத்தில் கரை இறங்கியதும் என்னைக் கழற்றிவிட்டார்கள். பிறகு எந்தக் கப்பலும் என்னை ஏற்றவில்லை. பஸ் நிலையத்தில் எம்பனாடா, அதாவது கறி வைத்த சோமாசி, சுட்டு விற்றேன், ஒன்பது வருஷம். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், என் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்ட தவளை என்று அவரைத் தூற்றினேன். தெருவில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தூக்குவார், நான் காறித் துப்புவேன். என்னைக் கரையில் தள்ளிவிட்டு அவர் மட்டும் பருவத்துக்குப் பருவம் கடலுக்குப் போய்ச் சுகமாக இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன ஜூன் மாதம் ஒரு மத்தியானம் கறுப்பு உடுத்திய அம்மா ஒருவர் கடை முன்னால் வந்து நின்றார்.

"நான் எலியானா. எவரிஸ்தோ சம்சாரம். அவர் போயிட்டார் மாஸ்டர், போன மாசம். நுரையீரல்."

"கடைசியா எந்தக் கப்பல்ல இருந்தார்?" என்று மட்டும் கேட்டேன்.

"கப்பலா? உங்களை இறக்கின அதே பயணத்தோட அவரையும் நிறுத்திட்டாங்களே. இடத்தை விட்டுப் போனேன்னு அவரே எழுதிக் கொடுத்தா யாரு வெச்சுக்குவாங்க? மரக்கடையில பலகை அளந்துக்கிட்டிருந்தார்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "கப்பல் பதிவேட்டுல இந்த ஒரு பக்கத்துக்குத்தான் நகல் எழுதி வெச்சிருந்தார். உங்க பேரு இருக்கு."

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். அதே பென்சில் எழுத்து.

'பதினொன்று பத்து முதல் பதினொன்றரை வரை: காலி. கண்காணிப்பாளர் இடத்தில் இல்லை. காய்ச்சலோடு நிற்பதைக் கண்டு சமையல்காரர் ஓசியல் பர்ரியா இரக்கப்பட்டுச் சூப் குடிக்கக் கூப்பிட்டார். போனது என் தவறு. திரும்பியபோது கம்பியில் இறந்த ஆல்பட்ராஸ் இரண்டு. தண்ணீரில் கோழி எலும்பு. தான் போட்டதாகச் சமையல்காரர் ஒப்புக்கொண்டார். அதற்குமுன் எத்தனை பறவை மோதியது, தெரியாது.'

அடுப்பில் எம்பனாடா கருகியது. எடுக்கத் தோன்றவில்லை. பார்க்காத எதையும் எழுதாத மனிதர். 'இரக்கப்பட்டு' என்று எழுத, என் மனசுக்குள் அவர் எங்கே பார்த்தார்?

எலியானாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், மூட்டையை, சூப்பைக் காட்டி அவர் கண்ணை அப்புறப்படுத்தியதை. அவர் அழவில்லை.

"கடைசி வரைக்கும் அந்தச் சூப்பைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தார்" என்றார். "அவ்வளவு ருசியா இருந்துச்சாம்."

பிறகு பையைத் துழாவி, பாதி தேய்ந்த ஒரு பென்சிலை என் முன்னால் வைத்தார். "உங்களுக்குத் தோணினதைச் செய்யுங்க மாஸ்டர்."

அந்தச் சொல்லில் பாதிதான் பொய். ஆனால் பாதிச் சொல்லை எப்படி அடிப்பது? 'இரக்கப்பட்டு' என்பதன்மேல் கோடு போட்டேன். ஒரே கோடு, கீழே இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் ஓசியல் பர்ரியா என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.