திரையோரத்து முகம்

எங்கள் கொட்டகையில் படம் பேசாது, வாயாடிதான் பேசுவான். திரைக்குப் பக்கத்தில் நின்று ராஜாவுக்கு ஒரு குரல், ராணிக்கு ஒரு குரல், குதிரைக்குக்கூட ஒரு கனைப்பு. அவன் குரலுக்காகவே கூட்டம் அலைமோதும். படக்கருவியின் கைப்பிடியைச் சுற்றுபவன் நான். அவனைத் தவிர எனக்குச் சிநேகிதன் கிடையாது.

அவன் இருட்டில்தான் நிற்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. "மூஞ்சி தெரிஞ்சா படத்தோட மயக்கம் போயிடும்" என்பார். மயக்கமாவது மண்ணாங்கட்டியாவது! இளமையில் கதாநாயகனாக நடித்தவர் அவர். அவருடைய படக் கம்பெனியில் உடுப்புத் தைத்தவள் வாயாடியின் அம்மா. வயிற்றில் பிள்ளையோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றவளை, யாரென்றே தெரியாது என்று விரட்டிவிட்டார். அந்தப் பிள்ளை வளர்ந்து வேலை கேட்டு வந்தபோது, முகத்தைப் பார்த்ததுமே மனுஷனுக்குப் புரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. குரலை வைத்துக்கொண்டார், முகத்தை இருட்டில் தள்ளினார். கல்நெஞ்சக்காரர்!

போன மாதம் வாயாடியின் அம்மா இறந்தாள். "ஊரறிய அந்தாளை ஒத்துக்க வைக்கிறேன், பாரு" என்று பல்லைக் கடித்தான். எனக்கும் ரத்தம் கொதித்தது.

முதலாளி நடித்த பழைய படம் ஒன்றை மறுபடி போட்டார்கள். தொலைந்த மகனை அப்பா தேடிப்பிடித்துக் கட்டிக்கொள்கிற கதை. அவரும் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். திரை நிறைய அவருடைய இளவயது முகம் வந்ததும், வாயாடி ஒரு கைவிளக்கை ஏற்றித் தன் முகத்துக்கு நேரே பிடித்தான். அதே மூக்கு, அதே மோவாய், அதே கோணல் புருவம்.

"அட, அச்சு அசலா அவரேதான்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

"மெஷினை நிறுத்துடா!" என்று முதலாளி என்னைப் பார்த்து அலறினார்.

நிறுத்துவேனா? இன்னும் மெதுவாகச் சுற்றினேன். அந்த முகம் நன்றாக நிற்கட்டும் என்று.

முதலாளி எழுந்து கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "சரிப்பா, நீ என் மகன்தான். என்ன வேணும் உனக்கு?"

"எங்கம்மா பேரைச் சொல்லுங்க. இங்கயே, எல்லார் காதுலயும் விழற மாதிரி."

அவர் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பாவி மனுஷனுக்குப் பேர் ஞாபகமே இல்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்து முதலாளியின் மனைவி எழுந்தாள். கடைசி வரிசைவரை கேட்கும்படி அந்தப் பேரைக் கணீரென்று சொன்னாள்.

"அவ நம்ம வாசல்ல அழுதுட்டுப் போனப்ப, பின்னாடியே ஓடிப்போய்ப் பேர் கேட்டவ நான். நீங்க மறந்துட்டீங்க. நான் ஒரு நாள்கூட மறக்கல" என்றாள். அவரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.