ஓரத்துக் கட்டம்

என் அக்காவுக்கு அலுவலகத்தில் நத்தை என்று பெயர். கழுத்துக் கயிற்றில் ஒரு பென் டிரைவைத் தொங்கவிட்டுக்கொண்டு, போகிற இடமெல்லாம் தன் வேலையைச் சுமந்து போவாள். எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி. பகலில் அங்கே ஒரு கணினி, சாயங்காலம் வீட்டில் அத்தான் வாங்கிப்போட்ட பழைய கணினி. அங்கே பாதியில் விட்டதை இங்கே தொடர்வாள். இங்கே திருத்தியதை மறுநாள் அங்கே ஏற்றுவாள்.

"எது புதுசு, எது பழசுன்னு எழுதி வையேன்" என்பார் அத்தான்.

"எல்லாம் தலையில இருக்கு. நீங்க மொதல்ல உங்க வண்டிச் சாவியக் கண்டுபிடிங்க."

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது. வலது கையும் போனது. வேண்டுமா என்றாலும் தலையை ஆட்டினார், வேண்டாமா என்றாலும் ஆட்டினார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாவிடம் சக்கரம் வைத்த தொடுதிரைக் கணினி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த அக்கா பத்தே நாளில் அப்பாவுக்காக ஒன்று எழுதினாள். திரையில் ஒன்பது கட்டம், ஒன்பது படம். தொட்டால் குரல் பேசும். குரலுக்கு என்னைப் பிடித்தாள்.

"என் குரல் எருமை கத்தற மாதிரி இருக்கும்க்கா."

"அப்பாவுக்கு அந்த எருமைதான பழக்கம்? பேசுடி."

தண்ணி வேணும், குளிருது, வலிக்குது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் 'சாப்பிட்டியா'. எங்களைப் பார்த்ததும் அப்பா முதலில் கேட்பது அதுதான்.

வீட்டுக் கணினியில் கீழ் வரிசையின் இடது ஓரத்தில் 'சாப்பிட்டியா', வலது ஓரத்தில் 'வலிக்குது'. அலுவலகத்தில் யாரோ, இடது கைக்குச் சுலபமாக எட்டும் இடத்தில் வலியை வை என்று சொல்ல, அங்கே மட்டும் இரண்டையும் இடம் மாற்றினாள்.

வியாழக்கிழமை முற்பகல் ஆஸ்பத்திரியில் பென் டிரைவைச் செருகினாள். படங்கள் வந்தன. தண்ணீரைத் தொட்டாள், சத்தம் இல்லை. மறுபடி தொட்டாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். குரல்களை எங்கே தேட வேண்டும் என்பதற்கு, தன் கணினியில் அவை இருந்த இடத்தையே முழு விலாசமாக எழுதியிருக்கிறாள். இந்தக் கணினியில் அந்த விலாசம் ஏது?

"சரி பண்ணிட்டு ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன்ப்பா" என்று பென் டிரைவை உருவிக்கொண்டு ஓடினாள். படங்கள் மட்டும் திரையில் அப்படியே நின்றன.

நான் கட்டிலின் கால்மாட்டில், திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அப்பா இடது கையைத் தூக்கித் திரையின் கீழே ஒரு ஓரத்தைத் தொட்டார். ஐந்தாறு தடவை தொட்டார், ஒரே இடத்தில். சத்தம் வராததால் சும்மா தடவிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. போர்வையைத்தான் இழுத்துவிட்டேன். பயிற்சி அம்மா வந்து, வேறு வார்டில் கேட்கிறார்கள் என்று கணினியை அணைத்துத் தள்ளிக்கொண்டு போனார். அரை மணியில் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது.

அக்கா திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்பா திரையைத் தொட்டதை ஒரு வாரம் கழித்துத்தான் அவளிடம் சொன்னேன். உடனே பென் டிரைவைப் போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்கு ஓடி வந்த அவசரத்தில் அதிலிருந்த பழையதை எல்லாம் துடைத்துவிட்டு வீட்டுப் பிரதியைத் திருத்தி ஏற்றியிருக்கிறாள். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனது வீட்டு வரிசையா, அலுவலக வரிசையா? தலையில் இல்லை. அன்று திரையைப் பார்த்தவள்தான், ஆனால் சத்தம் வரவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை.

"எந்த ஓரம்டி?"

"இடது."

"அவருக்கு இடதா, உனக்கு இடதா?"

நான் என் இடது கையைத் தூக்கிப் பார்த்தேன், பிறகு வலது கையை.

"விடேன். தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க. அவருக்கு வலிச்சுதா, இல்ல எங்களக் கேட்டாரா? அது எனக்குத் தெரியணும்."

இப்போது அவள் எழுதுவதெல்லாம் தேதி போட்டு ஒரே கோப்புறைக்குள் இருக்கிறது. எந்தக் கணினியில் போட்டாலும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவாள். கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைக் கால்மாட்டில் உட்காரச் சொல்வாள். திரைக்குப் பதிலாக நடுவில் ஒரு தட்டை நிறுத்திவைத்து இடது கையைத் தூக்குவாள்.

"இங்கயா?"

கையைக் கொஞ்சம் நகர்த்துவாள்.

"இல்ல, இங்கயா?"

இரண்டுமே அப்பாவின் கை போலத்தான் இருக்கிறது.