பதினொரு மணி ஸ்கேன்

என் அக்கா தினமும் காலை பதினொரு மணிக்கு வைரஸ் பிடிக்க உள்ளே போவாள். பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவாள். ஹாலில் அன்றைய செய்தித்தாளை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கும் மாமா தலையைத் தூக்காமலே கேட்பார்.

"என்ன, ஏதாவது சிக்குச்சா?"

"ரெண்டு."

"நேத்து மூணுன்ன?"

"நேத்து மூணு, இன்னைக்கு ரெண்டு. நானா தீனி போட்டு வளக்கறேன்?"

அந்தக் கம்ப்யூட்டரில் ஐந்து வருடங்களாக ஒரு வைரஸும் சிக்கியதில்லை. அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குத் தொழில் தட்டச்சு. ஒரு பதிப்பகத்துக்காக வீட்டிலிருந்தே கையெழுத்துப் பிரதிகளை அடித்துக் கொடுக்கிறாள். அவள் விரல் வழியாக வெளியே வந்த நாவல்கள் நாற்பதாவது இருக்கும். "அந்தக் கதையில கடைசில யாரு செத்தாங்க?" என்று கேட்டால், "யாருக்குத் தெரியும்? நான் எழுத்தத்தான் பாத்தேன், கதைய பாக்கல" என்பாள். இப்போது கையில் இருப்பது ஒரு டாக்டர் எழுதிய தொள்ளாயிரம் பக்க நாவல். புரியாத வரிகளைத் தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் காட்டித்தான் படித்துக்கொள்கிறாள். ஒருமுறை அவர் ஒரு காதல் வசனத்தைப் படித்துவிட்டு, இது சாப்பாட்டுக்குப் பிறகா முன்னாடியா என்று கேட்டார்.

ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் படுத்த பிறகு படுப்பாள். நடுவில் உட்கார்ந்தால் எவராவது கூப்பிடுவார்கள். ஒருமுறை நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலில் பதிப்பக மேனேஜருக்குப் போன் செய்தபோது, "மாத்திரை போட்டுக்கிட்டு அடிங்கம்மா, வேர்த்து விட்டுரும்" என்றார் அவர்.

அதே மேனேஜர்தான் ஐந்து வருடத்துக்கு முன்னால், எல்லாரும் ஆன்டிவைரஸ் போட்டே ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். போட்ட மறுநாள் பதினொரு மணிக்கு அது ஸ்கேன் செய்ய ஆரம்பித்தது. சிபியூவின் ஃபேன் ரைஸ்மில் மாதிரி இரைந்தது. அக்கா 'அ' அடித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்து வந்தால்தான் திரையில் 'அ' வந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டு, எட்டாம் அத்தியாயம் எங்கே என்றார்.

"ஸ்கேன் ஓடுது சார்."

"ஓ, அப்படியா? சரிம்மா, சரிம்மா. அது முடியட்டும். அவசரப்படாதீங்க."

போனை வைத்துவிட்டு அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். காய்ச்சலுக்கு இரங்காத மனிதர் ஸ்கேனுக்கு இரங்கிவிட்டார். அன்று மாலைக்குள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்த ஆன்டிவைரஸின் உள்ளே எங்கே போய் எதை மாற்றவேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டாள். தினமும், பதினொரு மணி, முழு ஸ்கேன், முழு வேகம்.

பிறகு சட்டங்கள் வந்தன. ஸ்கேன் ஓடும்போது கதவு சாத்தியிருக்கவேண்டும். செருப்போடு கிட்டே வரக்கூடாது. கதவைத் தட்டக்கூடாது. மாமா இதையெல்லாம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். அவருடைய ஆபீசுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு மட்டும் ஏசி போட்டு, அதிகாரி உட்பட எல்லாரையும் செருப்பை வெளியே கழற்றவைத்தார்கள். அந்தப் பயபக்தி அவருக்கு இன்னும் தெளியவில்லை.

அக்காவின் தூக்கம் எனக்குத் தெரிந்தது, மவுஸ் மாற்றப்போன ஒரு நாளில். மாடியறையில் குடியிருக்கும் நான் சட்டங்களை மறந்து கதவைத் திறந்துவிட்டேன். அக்கா மேசைக்கு அடியில் பாயில் மல்லாந்து கிடந்தாள். இரண்டு பாதங்களும் சிபியூவின் மேல். ஸ்கேன் ஓட ஓடப் பெட்டி இளஞ்சூடாகும், கால்வலிக்கு இதம். ஃபேன் இரைச்சலும் அக்காவின் குறட்டையும் ஒரே சுருதியில் கலந்து, எது எதுவென்று பிரிக்கமுடியாமல் இருந்தன. ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"வெளிய சொன்ன, உன் கவிதை நோட்ட எடுத்து மாமாவுக்குப் படிச்சுக் காட்டிருவேன்."

நான் சொல்லவில்லை.

அக்கா குறட்டை விடுவாள் என்பதே மாமாவுக்குத் தெரியாது. கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அவர் தூங்கிய பிறகு படுத்து, அவர் விழிக்கும் முன்னே எழுந்துவிடுகிறவளின் குறட்டையை அவர் எங்கே கேட்பது?

சிக்கல், மாமா ரிட்டயரானதும் ஆரம்பித்தது. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் அவர். கடைத்தெருவில் அவருக்குத் 'தராசு' என்றே பெயர். சோதிக்கக் கடைகள் இல்லாமல் போனதும் கம்ப்யூட்டரில் செஸ் ஆடப் பழகிக்கொண்டார். ஆளுக்குப் பத்து நிமிடம். யாருடைய கடிகாரம் முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். அக்கா காலைப் பலகாரம் முடித்துச் சமையலறையில் நிற்கும் நேரத்தில் அவர் ஆடிக்கொள்வார்.

அன்று ஆட்டம் நீண்டுவிட்டது. மணி பத்து ஐம்பத்தொன்பது. எதிராளியிடம் ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும்தான் மிச்சம். மாமாவிடம் ராணி, யானை, குதிரை எல்லாமே இருந்தன. சரியாகப் பதினொன்றுக்கு ஃபேன் இரைந்தது. மாமா ராணியைப் பிடித்து இழுத்தார். ராணி நகரவில்லை. கடிகாரம் மட்டும் நகர்ந்தது. ராணி கடைசியில் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் முடிந்து, எதிராளி ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பியிருந்தான்.

"எவனோ அரை டிராயர் பயகிட்ட என்னைத் தோக்க வச்சிருச்சு இது!" என்று கத்தியபடி வெளியே வந்தவர், ஆன்டிவைரஸ் கம்பெனியின் உதவி எண்ணைச் சுற்றினார். அக்கா கையில் கரண்டியோடு அறை வாசற்படியில் நின்றாள். என்னை மாடியிலிருந்து கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. எடுத்தது ஒரு பெண்.

"வணக்கம் சார், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"உதவியெல்லாம் அப்புறம். நீங்க எடையில அடிக்கறீங்கம்மா."

"சார்?"

"முழுசா ஒரு வருஷத்துக்குன்னு சொல்லித்தானே வித்தீங்க? தினம் ஒரு மணி நேரம் பெட்டிய நீங்க எடுத்துக்கறீங்க. வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு மணி. பதினஞ்சு நாள் குறையுது! இதே ஒரு மளிகைக் கடையா இருந்தா நான் சீல் வச்சிருப்பேன்."

"புரியுது சார். உங்க சிரமத்துக்கு வருந்தறோம்."

"வருந்தாத. திருத்து."

அந்தப் பெண் பொறுமையாக என்னைக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறக்கவைத்தாள். நான் முடிந்தமட்டும் மெதுவாகத் திறந்தேன். கடைசியில் அந்த இடம் வந்துவிட்டது.

"சார், நாங்க கொடுக்கறப்ப வாரத்துக்கு ஒரு தடவைதான் இருக்கும். இத யாரோ கையால மாத்தி வச்சிருக்காங்க. தினமும், முழு வேகம்... இப்படி யாருமே வைக்கமாட்டாங்க சார்."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தாள். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

"நீதானாடா? படிச்ச பய பண்ற வேலையா இது? ஏம்மா, அத ஞாயித்துக்கிழமை விடியக்காலைக்கு மாத்தி விடு."

அந்தப் பெண் என் கையாலேயே அதை மாற்றவைத்தாள். வாசற்படியில் அக்காவின் கரண்டியிலிருந்து குழம்பு சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்தது. அதைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் பறந்தது. மாமா பெருமை பிடிபடாமல், தானே மேனேஜருக்குப் போன் செய்து, இனிமேல் ஸ்கேன் தொல்லை கிடையாது என்று சொன்னார். மேனேஜர் தினம் பத்துப் பக்கம் கூட்டி அனுப்பினார். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கம்ப்யூட்டர் மாமாவுடையது என்று ஆயிற்று. அந்த நேரத்தில் ஒரு செஸ் போட்டி நடக்கிறதாம். "நீ சும்மாதானே இருக்க, அந்தப் பரணை ஒழிச்சிடேன்" என்றார் முதல் நாள். இரண்டாம் நாள் ஜன்னல் கம்பிகள். மூன்றாம் நாள் அக்கா டாக்டரின் நாவலில் ஒரே பத்தியை நான்கு தடவை அடித்திருந்தாள். மேனேஜர், ஆசிரியர் ஏதோ புதுமை செய்கிறார் என்று அப்படியே விட்டுவிட்டார்.

நான்காம் நாள் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். நான் மாடியிலிருந்து இறங்கினேன். மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி அறைக்கு வெளியே நின்றார். கதவு சாத்தியிருந்தது.

"மாப்ளே, இங்க வா. கேளு."

உள்ளேயிருந்து கர்ர், கர்ர் என்று வந்துகொண்டிருந்தது.

"நிறுத்துன ஸ்கேன் எப்படிடா ஓடுது? ஏமாத்திட்டாளா அந்தப் பொண்ணு?"

நான் பதில் சொல்வதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தார். திரை பளிச்சென்று இருந்தது. பெட்டி மூச்சுக் காட்டவில்லை. மாமா மேசைக்கு முன்னால் குனிந்தார். தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற அதே குனிவு.

அக்கா மேசைக்கு அடியில் பாயில் வாயைத் திறந்துபோட்டு உறங்கிக்கொண்டிருந்தாள். அடித்த ஃபைலை மூடிவைக்க வந்தவள் அப்படியே சரிந்திருக்கவேண்டும். பெட்டி சூடில்லாததால், டாக்டரின் நாவலில் ஒரு நூறு பக்கத்தை எடுத்துப் பாதங்களின்மேல் போர்த்தியிருந்தாள்.

மாமா வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, அடித்தொண்டையில் கேட்டார்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு வருஷம் மாமா."

"அப்ப வைரஸ்? தினம் கணக்குச் சொன்னாளே?"

"ஒண்ணுகூட இல்ல."

இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. ஊரையே எடைபோட்டவருக்கு வீட்டுக்குள்ளேயே கள்ளக்கணக்கு. அவர் வாயைத் திறக்கவும் அக்காவின் போன் மேசைமேல் அலறவும் சரியாக இருந்தது. பாய்ந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பூனைமாதிரி கதவைச் சாத்தினார். மேனேஜர்தான். மாமா முந்திக்கொண்டார்.

"ஸ்கேன் ஓடுது சார்."

"நின்னுபோச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"திரும்ப ஓடுது. பலமா ஓடுது. கேக்குதா பாருங்க." போனைக் கதவிடுக்கில் வைத்தார்.

மேனேஜர் காதுகொடுத்துக் கேட்டார். "ஆமா சார்... பெரிய ஸ்கேனா இருக்கும்போல. மெதுவா முடியட்டும்."

இதற்குள் செஸ் போட்டி தொடங்கி, மாமா வரவில்லையென்று தோற்றுப்போயிருப்பார். ஹாலுக்குப் போய் உதவி எண்ணைச் சுற்றினார். அதே பெண்.

"சொல்லுங்க சார், இப்ப கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?"

"ரொம்ப வேகமா இருக்கும்மா."

"சந்தோஷம் சார்!"

"சந்தோஷம் இல்ல, அதான் புகார். பழையபடி பதினொரு மணிக்கே வை. பெட்டிக்கு ஓய்வு வேணும்."

"சார், ஸ்கேன் ஓடுறப்ப பெட்டி ஓய்வெடுக்காது. அப்பதான் ரொம்ப உழைக்கும்."

"அது உங்க ஊர்ப் பெட்டி. எங்க வீட்ல இப்படித்தான். முழு ஸ்கேன், முழு வேகம், தினமும். மாப்ளே, எழுதிக்க, எங்க அமுக்கணும்னு இந்தப் பொண்ணு சொல்லும்."

நான் எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. கன்னத்தில் பாயின் கோடுகளோடு அக்கா வந்தாள். அறை வாசலில் மாமாவின் செருப்பு கிடப்பதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மாமா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன, ஏதாவது சிக்குச்சா?"

அக்கா அந்தச் செருப்பை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே சொன்னாள்.

"நாலு."

"நாலா?" மாமா பக்கத்தைப் புரட்டினார். "அப்ப ஒரு மணி நேரமெல்லாம் பத்தாது. நாளையிலேருந்து ஒண்ணரையா ஓடட்டும்."