கேட் வரைக்கும் ஓட்டம்

திருமழிசையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், போனை கேட்டில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாட்சுக்குத் தடையில்லை. அதற்காகவே ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கினேன். ஆனால் என் மெஷின் இருப்பது ஷெட்டின் கடைசியில். அங்கே வாட்சுக்கும் போனுக்கும் தொடர்பு அறுந்துவிடும். கேட்டை ஒட்டிய ஸ்டோர் பக்கம் வந்தால்தான் செய்திகள் வந்து விழும்.

நாலு போல்ட் வேண்டுமென்றால் நாலு தடவை ஸ்டோருக்கு நடப்பேன். வந்திருப்பதெல்லாம் விளம்பரமும் சொந்தக்காரர்கள் குரூப்பின் காலை வணக்கமும்தான். அதற்கே மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் மத்தியானம், மெஷினில் நிற்கும்போதே மணிக்கட்டு அதிர்ந்தது. நீளக் கையுறை மூடியிருந்ததால் திரை தெரியவில்லை. வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவு கட்டினேன். அவ்வளவு தூரத்துக்குச் செய்தி எட்டாது என்பது ஞாபகத்துக்கே வரவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு கேட்டுக்கு ஓடினேன்.

செக்யூரிட்டி பெட்டியைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தார். ஒன்றுமே வந்திருக்கவில்லை. கையுறையைக் கழற்றி வாட்சைப் பார்த்தேன். இன்றைய நடை இலக்கை முடித்துவிட்டேனாம். வாழ்த்துகளாம். வாட்சைக் கழற்றி வீசலாம் போல இருந்தது.

“இன்னா அண்ணாத்தே, எதுனா அவசரமா?” என்றார் செக்யூரிட்டி.

“ஒண்ணுமில்ல.”

போனை வாங்கித் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தார். “உன் போனு காலைலேர்ந்து கம்முனு கீது. நீதான் வைப்ரேஷன்லயே கீற.”