இடது பக்கம் நகரம், வலது பக்கம் புறநகர்

அம்மாவின் சங்கிலி பறிபோனது தொண்ணூற்றேழாம் வருடம், சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய பிறகு. கொடி ஏறி மூன்றாம் நாளா, நான்காம் நாளா என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அம்மா மூன்று என்பாள், அப்பா நான்கு என்பார். இருவரிடமும் தனித்தனியே கேட்டு இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் கீழவாசல் பக்கம் ஒரு முடுக்கில் வாடகைக்கு இருந்தோம். எதிரே ஓர் ஆள் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவு அகலம். விடிந்தும் விடியாத நேரத்தில் அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்து வந்த ஒருவன் மணி கேட்டிருக்கிறான். அம்மா உள்ளே கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் கழுத்தில் கை வைத்தான். சங்கிலியில் முக்கால்வாசி அவனோடு போயிற்று. முடுக்கு முனையில் இன்னொருவன் பைக்கை உறுமவிட்டபடி காத்திருந்தான்.

அம்மா கத்தியது ஒரே ஒரு தடவைதான். நான் பாயிலிருந்து எழுந்து வாசலுக்கு வருவதற்குள் முடுக்கே எங்கள் வீட்டு முன்னால் நின்றது. எங்களோடு ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த சௌராஷ்டிர அத்தை, பாதி விளக்கிய பல்லோடு வந்து அம்மாவைத் தாங்கிக்கொண்டார். அவர் வீட்டு மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முனைவரை ஓடினார். யாரோ சொம்பில் தண்ணீர் நீட்டினார்கள், யாரோ கழுத்துக் கீறலில் மஞ்சள் அப்பினார்கள்.

"அவன் கை வெளங்காமப் போக! தாலி இருக்கா பாருடி, மொதல்ல தாலி இருக்கா பாரு" என்று அத்தை கத்தினார். தாலி ரவிக்கைக்குள் விழுந்திருந்தது.

இந்த ஒரே சம்பவத்திலிருந்து என் பெற்றோர் இரண்டு முடிவுகளுக்கு வந்தார்கள். "சொந்த வாசல்ல குனிஞ்சு ஒரு கோலம் போட முடியல. இதெல்லாம் குடியிருக்கிற இடமா?" என்றார் அப்பா. அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டே, "ஒத்தைக் கத்துக்கு எம்புட்டுப் பேரு வந்தாக, பாத்தீகள்ல?" என்றாள்.

தர்க்கத்துக்குக் காரணம் இருந்தது. ஒத்தக்கடைக்கு அப்பால், மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, அப்பா ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார். பூச்சு வேலை மட்டும் பாக்கி. அதில் நாமே குடிபோக வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். வாடகைக்கு விட்டுவிட்டு முடுக்கிலேயே இருக்கலாம் என்பது அம்மாவின் எண்ணம். அப்பாவும் நானும் கிளம்பிப் போன பிறகு பகலெல்லாம் அந்த வீட்டில் இருக்கப்போகிறவள் அம்மா.

அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். எதையும் கோப்பாக்கினால்தான் அவருக்கு முடிவெடுக்க வரும். "பேசிப் பிரயோசனமில்ல. மூணு மாசம் பேப்பரப் பாப்போம். எங்க களவு ஜாஸ்தின்னு அதுவே சொல்லட்டும்" என்றார்.

"களவாணிப்பய பேப்பரப் பாத்துட்டா வாரான்?" என்றாள் அம்மா.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. ஆறாம் வகுப்பு முடித்திருந்த என் கையெழுத்தின் மேல் அவருக்குப் பெருமை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு ஒன்று வாங்கித் தந்தார். இடது பக்கம் நகரம், வலது பக்கம் புறநகர். நாள், இடம், என்ன நடந்தது என்று மூன்று கட்டங்கள். திருட்டு, வழிப்பறி, அடிதடி எதுவானாலும் எழுத வேண்டும். முதல் பதிவு அம்மாவின் சங்கிலி. அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை என்றாலும் அப்பா சேர்க்கச் சொன்னார், இடது பக்கத்தில்.

நான் கோடு போடுவதை அம்மா நின்று பார்த்தாள். "கத்துனா ஆளு வந்தாகளா, வல்லையான்னு எழுத ஒரு கட்டம் போடலியா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பேப்பர்ல போட மாட்டான்" என்றார் அப்பா. எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

நாளும் தேதியும் குறிக்கும் பழக்கம் எனக்குத் தொற்றியது அந்த நோட்டிலிருந்துதான். வைகாசியில் தொடங்கி ஆடி முடிய எழுதினேன். ஆனால் எழுத வேண்டிய அத்தனையையும் எழுதவில்லை. புது வீட்டுக்குப் போனால் சைக்கிள் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். முடுக்கில் சைக்கிளை உருட்டத்தான் முடியும். முதலில் திருமங்கலத்துச் செய்தி ஒன்றை விட்டேன். திருமங்கலம் தனி ஊர், அதை எப்படிப் புறநகர் என்பது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது ஒரு பம்புசெட் மோட்டார் திருட்டு. வயலில் போனது வீட்டுக் கணக்கில் வராது என்று அதையும் விட்டேன்.

மூன்றாவதற்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய ஒரு காலனியில், பகலில் தனியே இருந்த பெண்ணைக் கட்டிப்போட்டு நகையைக் கொண்டுபோய்விட்டார்கள். சாயங்காலம் கணவர் வரும்வரை அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அம்மா கேட்ட அந்தக் கட்டத்தை அன்று பேப்பர்காரனே போட்டிருந்தான். அப்பா அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்த நாள் அது. அந்தத் தாளை மடித்து, மறுநாள் பழைய பேப்பர்காரரின் கட்டுக்குள் செருகிவிட்டேன்.

ஆவணி பிறந்ததும் அப்பா இரண்டு பக்கங்களையும் கூட்டினார். இடது பக்கம் நிரம்பி வழிந்தது. வலது பக்கத்தில் கோடுகள்தான் அதிகம் தெரிந்தன. அப்பா நோட்டை அம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "பிள்ளை எழுதுனா சரியாத்தான் இருக்கும். போவோம்" என்றாள்.

கார்த்திகைக்கு முன் பால் காய்ச்சிக் குடியேறினோம். சுற்றிலும் மனைக்கற்களும் கருவேலஞ்செடிகளும். இரண்டு மனை தள்ளி ஒரு வீடு, அதில் கணவனும் மனைவியும் ஆசிரியர்கள், காலையில் போனால் மாலையில்தான் வருவார்கள். முன்வாசலுக்கும் பின்முற்றத்துக்கும் அப்பா இரும்புக் கிராதி போட்டார், முற்றத்தின் தலைக்கு மேலும் போட்டார். மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தார். நாங்கள் கிளம்பியதும் அம்மா முன்கிராதியை உள்ளிருந்து பூட்டி, வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாதபடி சாவியை அடுப்படி ஆணியில் மாட்டிவிட வேண்டும். இது சட்டம்.

போதாதென்று, பக்கத்து மனையில் வேலைக்கு வந்த கொத்தனார், சித்தாள் எல்லாருடைய பெயரையும் ஊரையும் குறித்து வைப்பது என்று முடிவு செய்தார். நோட்டில் பக்கங்கள் மிச்சமிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கேள்வி கேட்க, நான் நின்றபடியே எழுதினேன். எழுமலையிலிருந்து வந்திருந்த ஒரு கொத்தனார் சிரித்துக்கொண்டே, "எதுக்குங்க சார், ரேஷன் கார்டா போட்டுத் தரப்போறீக?" என்று கேட்டார்.

"ஏதாவது காணாமப் போச்சுன்னா நேரா ஸ்டேஷன்ல குடுத்திருவேன்" என்றார் அப்பா. கொத்தனாரின் சிரிப்பு நின்றது. பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிவாக்கில், பின்முற்றத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. எழ முடியவில்லை, நகரவும் முடியவில்லை. கத்தியிருக்கிறாள். முடுக்கில் ஒரு தடவை கத்தியவள் இங்கே எத்தனை தடவை கத்தினாள் என்பதை மட்டும் கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை.

அன்று பக்கத்து மனையில் கட்டு வேலை கிடையாது. புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்ற எழுமலைக் கொத்தனார் மட்டும் மதியம் வந்திருந்தார். சத்தம் கேட்டு மதிலுக்கு வெளியே நின்று, "யாரு? என்னக்கா ஆச்சு?" என்றிருக்கிறார். அம்மா விஷயத்தைச் சொல்லி, பூட்டை உடைத்து வரும்படி கெஞ்சியிருக்கிறாள். அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்வாசல்வரை போயிருக்கிறார். பூட்டைப் பார்த்துவிட்டுக் கடப்பாரையோடு திரும்பி வந்துவிட்டார்.

"யக்கா, தப்பா நெனைக்காதீக. உங்க வீட்டுக்காரரு எம் பேரை எழுதி வச்சிருக்காரு. பொம்பளை தனியா இருக்கிற வீட்டுல நான் பூட்டை ஒடச்சு நின்னேன்னா, எம் பேச்சை எவன் நம்புவான்?"

ஆசிரியர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார், பூட்டிக் கிடந்தது. மெயின் ரோட்டு டீக்கடைவரை நடந்து போய்ச் சொன்னார். வீட்டுக்காரர் வராமல் தலையிட்டால் போலீஸ் வம்பு என்றார்கள். அப்பாவின் அலுவலக போன் நம்பர் அப்பாவின் சட்டைப்பை டைரியில்தான் இருந்தது. வேறு வழி தெரியாமல் திரும்பி வந்து, சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிற குழாயை மதிலுக்கு மேலே முற்றத்துக் கிராதி வழியே உள்ளே நீட்டி, அம்மாவைக் கை ஏந்திக் குடிக்க வைத்திருக்கிறார். பிறகு வெயிலில் மதிலோரமாக உட்கார்ந்து, அவள் மயங்கிவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நாலரை மணிக்கு நான் புதுச் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்தபோது, எங்கள் மதிலோரம் கடப்பாரையோடு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்துப் பயந்து தூரத்திலேயே இறங்கினேன். அவர் எழுந்து ஓடி வந்தார். "பாப்பா, அம்மா விழுந்து கெடக்கு. நீ சொல்லு, ஒடைக்கிறேன்."

"ஒடைங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் நகரவில்லை. "வாயில சொன்னாப் பத்தாது பாப்பா. உன் கையெழுத்து நல்லா இருக்கும்ல, நீதான் ஒடைக்கச் சொன்னேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு. தேதி போட்டு."

பையிலிருந்த பள்ளிக்கூட நோட்டைச் சைக்கிள் சீட்டின் மேல் வைத்து எழுதினேன். எங்கள் அம்மா உள்ளே விழுந்துவிட்டதால் நான்தான் பூட்டை உடைக்கச் சொன்னேன் என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டுக் கிழித்துக் கொடுத்தேன். அப்போதும் எழுத்து நேராகத்தான் விழுந்தது. அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கடப்பாரை நுனியைப் பூட்டின் காதுக்குள் விட்டு ஒரு நெம்பு நெம்பினார். எந்தத் திருடனுக்கும் அதைவிட அதிக நேரம் பிடித்திருக்காது.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடனே தூக்கி வந்திருந்தாலும் எலும்பு முறிவு முறிவுதான், ஆனால் ஐந்து மணி நேரம் ஈரத்தில் கிடந்ததில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அம்மா நேராக நடக்கவே இல்லை. அப்பா பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "கணக்குப் பாத்துத்தானே போனோம்? எல்லாம் எழுத்துல இருக்கே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த வராண்டாவில் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, விட்டுப்போன மூன்றையும் சொல்ல எனக்கு நிறையச் சந்தர்ப்பம் இருந்தது. பிறகு இருபது வருடம் சந்தர்ப்பம் இருந்தது. தன் கோப்பு சரி என்ற நம்பிக்கையோடுதான் அவர் போய்ச் சேர்ந்தார். அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. எந்த நாளில் எதை எழுதாமல் விட்டேன் என்பதை மட்டும் இன்றுவரை தேதியோடு ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அம்மா விழுந்த அந்த வாரம் சனிக்கிழமை, முடுக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஐந்தாறு பெண்கள், கையில் தூக்குச்சட்டி, ஃபிளாஸ்க், வெந்நீர் ஒத்தடத்துக்கு ஒரு ரப்பர் பை. நர்ஸ் இரண்டு பேருக்கு மேல் விடமாட்டேன் என்றதற்கு, "ரெண்டு பேருதாம்மா நாங்க, மத்தவுக தொணைக்கு வந்தவுக" என்று சொல்லிவிட்டு எல்லாருமாக உள்ளே வந்தார்கள். சௌராஷ்டிர அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தார்.

"ஏண்டி, விழறதுதான் விழுந்த, நம்ம முடுக்குல விழக்கூடாது? விழ எடமே இருக்காது, யாரு மேலயாச்சும்தான் விழுந்திருப்ப!"

பிறகு தன் வீட்டுப் பாஷையில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டே அம்மாவுக்கு அந்தப் பாஷை வந்திருந்தது. அம்மாவும் அதிலேயே பதில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். குடியேறிய நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். வலியெல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். வராண்டாவில் நின்ற அப்பாவிடம் ஓடிப்போய், "அம்மாவுக்குச் சரியாப் போச்சுப்பா, நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்றேன்.